ஐம்பது எம்பிக்குள் ஒரு பாடம்

கடையில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. சுருக்கர் என்றால்தான் தெரியும். வீடியோவைச் சுருக்கித் தருகிறவர், அதனால் சுருக்கர்; கடைசியில் ஒரு ‘ர்’ போட்டு மரியாதையும் கொடுத்தாகிவிட்டது. மூன்று மணி நேர நிகழ்ச்சியை ஒரே குறுந்தகட்டில் அடக்கிக் காட்டிய காலத்தில் முதலாளி வாயிலிருந்து விழுந்த பெயர் அது. குறுந்தகடு ஒழிந்து, பென் டிரைவ் வந்து, எல்லாமே போனுக்குள் போய்விட்ட பிறகும் பெயர் ஒழியவில்லை. நாற்பத்து நான்கு வயதில், முன்வழுக்கையும் தடித்த கண்ணாடியுமாக, அவர் இன்னும் அதே நாற்காலியில் உட்கார்ந்து பெரிய கோப்புகளைச் சின்னதாக்கிக்கொண்டிருக்கிறார்.

அன்று பகல் ஒன்றரை மணிக்கு அவர் முன்னால் இருந்தது ஒன்பது நிமிடம் இருபது வினாடி ஓடுகிற ஒரு வீடியோ. கோப்பின் அளவு ஆயிரத்து நானூறு எம்பி. அதை ஐம்பது எம்பிக்குள் அடக்கி, மாலை ஐந்து மணிக்குள் ஒரு இணையப் பக்கத்தில் ஏற்றியாக வேண்டும். ஐந்தைத் தாண்டினால் அந்தப் பக்கம் மூடிக்கொள்ளும். வேலையைக் கொடுத்தது வாடிக்கையாளர் இல்லை. கூடப் பிறந்த தங்கை.

தங்கைக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது. காது கேளாத பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறாள். செய்வது ஆசிரியர் வேலை. பதிவேட்டில் ‘தற்காலிக உதவியாளர்’. ஒவ்வொரு வருஷமும், அடுத்த வருஷம் உண்டா இல்லையா என்று அலுவலக வாசலில் போய் நின்று தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது முதல் தடவையாக ஒரு நிரந்தர ஆசிரியர் பணியிடம் வந்திருக்கிறது. வயது வரம்பு முப்பத்தைந்து. அவளுக்கு அடுத்த மாதம் முப்பத்தாறு பிறக்கிறது. விண்ணப்பத்தோடு தான் எடுத்த ஒரு பாடத்தின் வீடியோவை அனுப்ப வேண்டும். குழு அதைப் பார்த்துத்தான் நேர்காணலுக்குக் கூப்பிடும். இன்றைக்கு விட்டால் ஆயுசுக்கும் விட்டது.

‘கடைசி நாள் வரைக்கும் என்ன பண்ணிக்கொண்டிருந்தாள்?’ என்று கேட்பீர்கள். நான்கு தடவை எடுத்துப் பார்த்து நான்கையும் பிடிக்கவில்லை என்றுவிட்டாள். அவளுக்கு ஒன்று பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லைதான். ஐந்தாவது தடவை, நேற்று சாயங்காலம் பள்ளி விட்ட பிறகு வகுப்பறையில் எடுத்ததுதான் இது. சுருக்கர்தான் கடையின் கேமராவை முக்காலியில் நிறுத்தி எடுத்தார். பாடம்: தண்ணீர் ஆவியாவது.

அவள் பேசுவது கையால், அவளிடம் அவர் பேசுவதும் அப்படித்தான். இங்கே எழுத்தில் வரும்போது வாயால் பேசுகிற மாதிரித்தான் இருக்கும், அதற்கு வழியில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடலாம்: வாயால் பேசுகிறவர்களைவிட அவள் வாயாடி.

சுருக்கரிடம் வீடியோவை மாற்றித் தருகிற மென்பொருள்கள் மூன்று உண்டு. கம்பெனிக்காரன் வைத்த பெயர்கள் வாயில் நுழையாது. அவர் வைத்த பெயர்கள் அவசரம், கஞ்சன், ஆமை. அவசரம் மூன்று நிமிடத்தில் வேலையை முடித்துவிடும், ஆனால் இடத்தைக் குறைக்கச் சொன்னால் படத்தைச் சதுரம் சதுரமாக உடைத்துக் கையில் கொடுக்கும். கஞ்சன் பேருக்கேற்றவன், எம்பியை எண்ணி எண்ணித்தான் செலவழிப்பான், படமும் பார்க்க லட்சணமாக இருக்கும். ஆமை படத்தை முழுசாக ஒரு தரம் பார்க்கும். எங்கே அசைவு அதிகம், எங்கே குறைவு என்று குறித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கடையிலிருக்கிற பழைய கணினியில் அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். எந்த வாடிக்கையாளருக்கு அவ்வளவு பொறுமை? ஆமையை அவர் திறந்தே எட்டு மாதம் ஆகியிருந்தது.

எந்தக் கோப்பு எதில் எப்படி வந்தது என்று எழுதி வைக்க அவரிடம் ஒரு நோட்டு உண்டு. அளவு, நேரம், தரம் என்று மூன்று கட்டம். முதல் இரண்டையும் இயந்திரம் சொல்லிவிடும். மூன்றாவதுக்கு அவருடைய கண்தான் தராசு. படத்தை நான்கைந்து இடத்தில் நிறுத்துவார், முகத்தைப் பெரிதாக்குவார், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். கண்ணிமை முடியை எண்ண முடிந்தால் பத்துக்குப் பத்து. இருபது வருஷமாக இப்படித்தான் மார்க் போடுகிறார், ஒரு வாடிக்கையாளர்கூடக் குறை சொன்னதில்லை.

முதல் வேலையாக அவர் வீடியோவிலிருந்து ஒலியை உருவி எறிந்தார். காது கேட்காதவள், காது கேட்காத பிள்ளைகளுக்கு எடுக்கிற பாடம். இதில் ஒலி எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். வேறொரு காரணமும் இருந்தது. அதை அவர் தனக்கேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. நாமும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அவசரத்திடம் கொடுத்துப் பார்த்தார். ஐம்பதுக்குள் அடக்கியது, ஆனால் வகுப்பறைச் சுவர் பாசி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. கஞ்சனிடம் கொடுத்தார். பதினோரு நிமிடம், நாற்பத்தாறு எம்பி. ஐந்து இடத்தில் நிறுத்திப் பார்த்தார். இமை முடி தெரிந்தது, தோட்டுக் கல் தெரிந்தது, கரும்பலகைக்குக் கீழே உதிர்ந்திருந்த சாக்பீஸ் தூள்கூடத் தெரிந்தது. நோட்டில் பத்துக்குப் பத்து என்று எழுதிவிட்டுத் தங்கைக்குச் செய்தி அனுப்பினார்: ‘முடிஞ்சது. வந்து பாத்துட்டு ஏத்திடலாம்.’

இரண்டே முக்காலுக்கு அவள் வந்தாள். தோளில் பையோடு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதல் நிமிடம் பேசாமல் பார்த்தாள். இரண்டாவது நிமிடத்தில் புருவம் சுருங்கியது. மூன்றாவது நிமிடத்தில் அவளே கையை நீட்டிப் படத்தை நிறுத்தினாள்.

“இது யாரு?”

“யாருன்னா? நீதான்.”

“நான் எப்ப திக்கிப் பேசினேன்?”

சுருக்கருக்குப் புரியவில்லை. அவள் படத்தைப் பின்னால் தள்ளி மறுபடி ஓடவிட்டாள். “முகத்தப் பாக்காத. கையப் பாரு.”

பார்த்தார். தண்ணீர் சூடாகிறது, ஆவியாகி மேலே போகிறது என்று அவள் சொல்லுகிற இடம். அவர்கள் பேசுகிற சைகையில் ஆவி என்றால் கை மேலே போகும்போது ஐந்து விரலும் படபடவென்று துடிக்க வேண்டும். துடிக்காமல் கை மட்டும் மேலே போனால் அதற்கு வேறு அர்த்தம்: எழுந்து நில். படத்தில் கை போனது, இரண்டு மூன்று தாவலாக. விரல்கள் மொத்தையாக ஒட்டிக்கொண்டு சும்மா இருந்தன.

“தண்ணி சூடாச்சு, எழுந்து நின்னுச்சு,” என்றாள் தங்கை. “எழுந்து நின்னு எங்க போவுது, கடைக்கா?”

“நான் நல்லா பாத்தேனே. ஒவ்வொரு இடமா நிறுத்திப் பாத்தேன். கண்ணாடி மாதிரி இருந்துச்சு.”

“நிறுத்திப் பாத்தா நான் பேசறது எப்படித் தெரியும்? உன் வாய பாதியில நிறுத்திட்டு, நீ என்ன சொன்னேன்னு யாராவது கேட்டா சொல்ல முடியுமா?”

சுருக்கர் கஞ்சனின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். கீழே ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் டிக் விழுந்திருந்தது. வினாடிக்கு முப்பது படம் இருந்தால் ஒன்று விட்டு ஒன்றைத் தூக்கிப் போட்டு, பதினைந்து ஆக்கு என்கிற ஏற்பாடு. அவர் போட்ட டிக் இல்லை, அதுவாக வந்தது. இத்தனை வருஷம் அதைக் கவனிக்கவே அவருக்குத் தேவை ஏற்படவில்லை. மேடையில் நின்று பேசுகிறவருக்கும், சோபாவில் உட்கார்ந்து சிரிக்கிற குடும்பத்துக்கும் பதினைந்தே தாராளம்.

அதை அவளிடம் சொன்னார். “பாதிப் படம் வேணாம்னு தூக்கிடும். பாக்கறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது.”

“யாருக்குத் தெரியாது?”

அவர் திரையில் அந்த டிக்கைச் சுட்டிக் காட்டினார்.

“எது வேணும், எது வேணாம்னு அதுவே முடிவு பண்ணிடுமா?” அவள் கைகள் வேகம் எடுத்துவிட்டன. “சரியாப் போச்சு. நீ வளத்த மென்பொருள்தான?”

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். தங்கைக்கு நான்கு வயது ஆனபோதுதான் காது கேட்காது என்று டாக்டர் உறுதியாகச் சொன்னார். அப்போது சுருக்கருக்குப் பதின்மூன்று. வீட்டுக்கு வந்து சைகை சொல்லிக் கொடுத்த ஆசிரியரிடம் அவளோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டது அவர் ஒருவர்தான். அப்பாவுக்கு நேரமில்லை, அம்மாவுக்குக் கை வரவில்லை, பெரியண்ணனுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் அவளுக்கு வாயும் காதும் இவர்தான். நல்ல பிள்ளை என்று ஊரே மெச்சியது.

ஆனால் பதின்மூன்று வயதுப் பையன் எவ்வளவுதான் மொழிபெயர்ப்பான்? சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் அரை மணி நேரம் பேசுவார்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவள் அவர் முழங்கையை இடித்து ‘என்ன?’ என்பாள். ‘ஒண்ணுமில்ல, சும்மா’ என்பார். இன்னும் குடைந்தால், ‘அப்பறம் சொல்றேன்.’ அந்த அப்புறம் வந்ததே இல்லை. பையன் வளர்ந்து ஆளாகி, கல்யாணம் ஆகி, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பாவான பிறகும் பழக்கம் மட்டும் வளராமல் அப்படியே நின்றுவிட்டது. அவருக்கு அது ஒரு குறையாகவே தோன்றியதில்லை. முக்கியமானதைச் சொல்லிவிடுகிறோமே என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

“அம்மா ஆஸ்பத்திரில இருந்தப்ப,” என்றாள் தங்கை.

“அத இப்ப எதுக்கு…”

“டாக்டர் உன்கிட்ட இருபது நிமிஷம் பேசினாரு. நான் கடிகாரத்தப் பாத்துக்கிட்டே நின்னேன். இருபது நிமிஷம். நீ வந்து என்கிட்ட என்ன சொன்ன?”

சுருக்கருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ‘சரியாயிடும்னு சொல்றாரு.’ மொத்தமே அவ்வளவுதான் சொன்னார்.

“சரியாயிடும்னு நம்பி நான் பள்ளிக்கூடம் போயிட்டேன். மூணாவது நாள் அம்மா போறப்ப எல்லாரும் பக்கத்துல இருந்தீங்க. நான் இல்ல.”

ஆறு வருஷமாக அவள் இதைச் சொன்னதில்லை. சுவர்க் கடிகாரம் மூன்று ஐந்து காட்டியது.

“சண்டை போட நேரமில்ல,” என்றாள் அவளே. “வேற வழி இருக்குதா, இல்லையா?”

இருந்தது. கஞ்சனில் டிக்கை எடுத்தால் ஐம்பதைத் தாண்டிவிடும், அதனால் அவர் ஆமையைத் திறந்தார். ஒரு படத்தைக்கூடத் தூக்கக் கூடாது, முப்பதும் முப்பதாக இருக்க வேண்டும் என்று எழுதினார். இடம் பற்றாது என்பதால் படத்தின் அகலத்தையும் உயரத்தையும் கொஞ்சம் குறைத்தார். இமை முடி போனால் போகட்டும், விரல் இருக்கட்டும். மூன்று பன்னிரண்டுக்கு ஓட்டினார். ‘மீதி நேரம்: ஒரு மணி பத்து நிமிடம்’ என்றது. நான்கு இருபத்திரண்டு. ஏற்றுவதற்கு ஐந்தாறு நிமிடம். கணக்கு சரியாகத்தான் வந்தது, இடையில் எதுவும் நடக்காமலிருந்தால்.

நடந்தது. மூன்றரைக்கு முதலாளி உள்ளே வந்தார், பின்னால் கையில் ஹார்ட் டிஸ்கோடு ஒருவர்.

“சுருக்கர், சார் அஞ்சரைக்கு ரயில் பிடிக்கணும். இத சட்டுனு மாத்திக் குடுங்க. என்ன ஓடுது அதுல? நிறுத்திட்டு அப்பறம் போட்டுக்கங்க.”

ஆமையைப் பாதியில் நிறுத்தினால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். இருபத்தாறு சதவீதம் ஆகியிருந்தது. சுருக்கர் இந்தக் கடையில் முதலாளியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசுகிற ரகமும் இல்லை. அவருக்கே தன் குரல் யாருடையதோ மாதிரி கேட்டது.

“நிறுத்த முடியாது முதலாளி.”

“என்னது?”

“நாலு இருபத்திரண்டு வரைக்கும் இந்த மெஷினத் தொட முடியாது. சாரோடத லேப்டாப்புல போட்டுத் தரேன். கொஞ்சம் மெதுவா வரும்.”

முதலாளிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வாடிக்கையாளர் முன்னால் அதை முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. தங்கையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கொட்டித் தீர்த்துவிட்டு, அந்த மனிதரை அழைத்துக்கொண்டு லேப்டாப் இருந்த முன்மேசைக்குத் தானே போனார்.

தங்கை முழங்கையை இடித்தாள். “என்ன சொன்னாரு?”

“ஒண்ணு…” என்று தொடங்கிய கை பாதியில் நின்றது. “கடை உன் அப்பன் வீட்டுச் சொத்தான்னு கேட்டாரு. தங்கச்சி வேலைய வீட்டுல வச்சுக்க, எனக்கு வர்ற ஆள வெளிய நிறுத்தாதன்னாரு. நாளைக்கு வரும்போது இதப் பத்திப் பேசணும், வேற ஆள் பாக்க எனக்கு ரொம்ப நேரம் ஆகாதுன்னாரு. போகும்போது ஒரு கெட்ட வார்த்தை.”

“எந்தக் கெட்ட வார்த்தை?”

சொன்னார். அவள் உதட்டோரம் லேசாக விரிந்தது. “இது நல்லா இருக்குது,” என்றாள். எது என்று அவர் கேட்கவில்லை.

ஐம்பது சதவீதம், அறுபது, எழுபத்தைந்து. எண்கள் நத்தை மாதிரி ஊர்ந்தன. இரண்டு பேரும் திரையையே வெறித்துக்கொண்டிருந்தார்கள். முன்மேசையிலிருந்து முதலாளியின் குரல் அவ்வப்போது உயர்ந்தது. மின்சாரம் போய்விடுமோ என்று சுருக்கர் அஞ்சினார், போகவில்லை. நான்கு இருபத்துநான்குக்கு ஆமை வந்து சேர்ந்தது. நாற்பத்தெட்டு புள்ளி நான்கு எம்பி.

அவர் படத்தை நிறுத்தவில்லை. ஓடவிட்டு, அவள் கையை மட்டும் பார்த்தார். தண்ணீர் சூடானது, விரல்கள் துடித்துத் துடித்து மேலே போயின. முகம் முன்னைவிடக் கொஞ்சம் மங்கல்தான். தங்கை தலையாட்டினாள். “இது நான்.”

ஏற்றினார்கள். நீலக் கோடு நகர்ந்து நகர்ந்து முடிவுக்கு வந்தது. பிறகு சிவப்பில் ஒரு வரி வந்தது: ‘ஒலி இல்லாத கோப்பு ஏற்கப்படாது.’

எல்லாப் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரே பக்கம் வைத்திருக்கிறார்கள். காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கும் அதேதான். காது கேட்காத ஒருத்தி, காது கேட்காதவர்களுக்கு எடுக்கிற பாடத்தில் சத்தம் எங்கே என்று கேட்கிறது அந்தப் புத்திசாலிப் பக்கம். யாரிடம் போய் முட்டிக்கொள்வது? மணி நான்கு முப்பத்தொன்று.

படத்தைத் தொடாமல் அதோடு ஒலியை மட்டும் இணைக்க ஒரு நிமிடம் போதும். சுருக்கர் சத்தமே இல்லாத ஒரு வெற்று ஒலியைச் சேர்த்து அனுப்பினார். ஐந்து நிமிடம் நீலக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மறுபடி சிவப்பு: ‘ஒலி கண்டறியப்படவில்லை.’ நான்கு முப்பத்தெட்டு.

இனி ஒரே வழிதான். கேமராவில் பதிவான நிஜ ஒலி. சுருக்கர் மூலக் கோப்பைத் திறந்தார். முதல் நிமிடத்தில் வெறும் மின்விசிறிச் சத்தம் இருக்கும், அதை மட்டும் வெட்டி ஒன்பது நிமிடத்துக்கு ஒட்டிவிடலாம் என்று திட்டம். ஆனால் வெட்டி ஒட்டுகிற மென்பொருள் ஒலியை அலைக்கோடாகத் திரையில் வரைந்து காட்டும். நீளமாக, சன்னமான ஒரு கோடு. நான்காவது நிமிடத்தில் மட்டும் அது எகிறி எகிறிக் குதித்திருந்தது.

தங்கை அங்கே விரலை வைத்தாள். “இது என்ன?”

“தெருவுல ஏதோ வண்டிச் சத்தம்.”

“எனக்கே காது குத்தறியா?” என்றாள். அவள் சொல்லுகிற இந்த ஜோக்குக்கு எப்போதும் அவர்தான் முதலில் சிரிப்பார். இன்று சிரிப்பு வரவில்லை. அவள் மேசை மேலிருந்த ஸ்பீக்கரை இழுத்து, அதன் வலை மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். “ஓட்டு.”

“நேரம் ஆவுது.”

“ஓட்டு.”

ஓட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பள்ளிக்குப் போகும்போதெல்லாம் அவர் வண்டியின் பின்னால் உட்கார்ந்து, அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு வந்தவள். அவர் வழியில் யாரோடு பேசினாலும் அந்த அதிர்வு அவள் கைக்குத் தெரியும். பத்து வினாடிகூட ஆகவில்லை, கண்ணைத் திறந்தாள்.

“இது நீ.”

நேற்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது பெரியண்ணன் போன் செய்திருந்தார். கேமரா பாட்டுக்கு முக்காலியில் ஓடியது. சுருக்கர் மீதிப் பேச்சுக்கு வராந்தா போகும்வரை அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டு பேசினார். அவளுக்குத்தான் கேட்காதே. ஒலியை முதலில் உருவி எறிந்த காரணம் இதுதான்.

“என்ன சொல்ற அதுல? முழுசா சொல்லு.”

மணி நான்கு நாற்பத்து இரண்டு. சுருக்கர் திரையிலிருந்து திரும்பி அவளைப் பார்த்து உட்கார்ந்தார். ஒவ்வொரு வார்த்தையாகக் கையில் எடுத்தார். “அவளுக்கு எங்க கிடைக்கப் போவுதுண்ணே. காது கேக்கறவங்களே அம்பது பேர் போட்டிருக்காங்களாம். அவ மனசு நோகக் கூடாதேன்னு எடுத்துக் குடுக்கறேன், அவ்வளவுதான்.” கடைசி வார்த்தையில் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. ‘பாவம்’ என்பதற்கு அவருக்குச் சைகை தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவளிடம் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. எழுத்து எழுத்தாக விரலில் காட்டினார்.

அவள் உள்ளங்கையைக் கவிழ்த்து, எதிரே நிற்கிற யாரோ ஒருவர் தலையைத் தடவுவது போல மெதுவாகக் காட்டினாள். “இதுதான் அதுக்கு. எனக்கு நல்லாத் தெரியும். நிறைய பேரு காட்டியிருக்காங்க.”

சுருக்கருக்குக் கண் கலங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் அவள் பார்த்துவிடுவாள் என்று அப்படியே உட்கார்ந்திருந்தார். அவள் கோபப்பட்டுக் கத்தியிருந்தால், ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை. அவள் அலைக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த இடம் தவிர மத்த இடத்துல என்ன சத்தம் இருக்குது?”

“ஃபேன் சத்தம். நீ கைய வேகமா வீசறப்ப துணி உரசற சத்தம், கையோட கை படற சத்தம்.” கொஞ்சம் தயங்கினார். “நடுவுல உன் தொண்டையிலேர்ந்து வர்ற சத்தம்.”

அந்தச் சத்தம் அவருக்கு நன்றாகத் தெரியும். அவள் ஒரு விஷயத்தில் முழுசாக இறங்கிவிட்டால் தன்னை மறந்து தொண்டையிலிருந்து வரும். பஸ்ஸிலும் கடைத்தெருவிலும் அது வரும்போதெல்லாம், ‘சத்தம் போடாத, எல்லாரும் பாக்கறாங்க’ என்று உதட்டில் விரல் வைத்துக் காட்டி அடக்கியது அவர்தான்.

“அது இருக்கட்டும்,” என்றாள். “உன் குரல மட்டும் வெட்டு.”

“குழுவுல கேப்பாங்க. உன் சத்தத்த… தப்பா நினைச்சா?”

“கேக்கட்டும். நான் பாடம் எடுக்கறப்ப அப்படித்தான் சத்தம் வரும். வகுப்புல தினமும் வருது. உன் குரல வெட்டு.”

சுருக்கர் திரும்பி உட்கார்ந்தார். தன் குரல் தொடங்கும் இடத்தில் ஒரு கோடு போட்டார், முடியும் இடத்தில் ஒரு கோடு. நாற்பத்தெட்டு வினாடி. அழித்தார். அந்த இடத்தில் மின்விசிறிச் சத்தத்தை நிரப்பினார். ஒலி ஒரு எம்பியைச் சாப்பிட்டது; மொத்தம் நாற்பத்தொன்பது புள்ளி நான்கு. அனுப்பும் பொத்தானை அவர் அழுத்தப் போனபோது, அவள் அவர் கையை விலக்கிவிட்டுத் தானே அழுத்தினாள். நான்கு நாற்பத்தெட்டு.

நீலக் கோடு பாதியில் ஒரு முறை நின்றது. பிறகு நகர்ந்தது. நான்கு ஐம்பத்தைந்துக்குப் பச்சையில் எழுத்து வந்தது: ‘விண்ணப்பம் ஏற்கப்பட்டது.’ கீழே ஒரு எண். அவள் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள், எண்ணை இரண்டு தடவை சரிபார்த்தாள். கிடைக்குமா கிடைக்காதா என்பது இனி குழுவிலிருக்கிற யாரோ எட்டுப் பேர் கையில்.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள் என்று சுருக்கர் நினைத்தார். பேசாமல் போய்விட்டால் பத்து நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள், அப்புறம் தானாகச் சரியாகிவிடும்; அது அவருக்குப் பழக்கமானது. அவள் கிளம்பவில்லை. ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“நீ சொன்னதுக்குப் பெரியண்ணன் என்ன சொன்னாரு?”

“அவரு பேசினது பதிவாகல.”

“உனக்கு ஞாபகம் இருக்குமில்ல?”

இருந்தது. நல்லதும் இருந்தது, நல்லதல்லாததும் இருந்தது. அண்ணன் மட்டுமா, அண்ணி நடுவில் போனை வாங்கிப் பேசியது வேறு இருந்தது. “அது பெரிய பேச்சு,” என்றார் சுருக்கர்.

“எவ்வளவு பெரிசா இருந்தாலும் பரவாயில்ல,” என்றாள் தங்கை.

முன்மேசையிலிருந்து முதலாளி அவரைக் கூப்பிட்டார். சுருக்கர் திரும்பவில்லை. விசைப்பலகையிலிருந்து இரண்டு கையையும் எடுத்துக்கொண்டு, தான் போனை எடுத்ததும் அண்ணன் முதலில் என்ன கேட்டார் என்பதிலிருந்து சொல்லத் தொடங்கினார்.